கண்ணை மூடிக் கும்பிட்டேன்

நாங்கள் மூலக்குளத்தில் வசிக்கிறோம். சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, நானும் கணவரும் எட்டு வயது மகள் யாழினியை பீச்சுக்கு அழைத்துப் போனோம். பழைய கலங்கரை விளக்கத்தைக் காட்டிவிட்டு, அதற்கு எதிரே கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். பாறைகளில் நண்டுகள் ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே யாழினி வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தாள்.

அப்போது விளக்கின் உச்சியை வட்டமிட்டபடி ஒரு கருடன் வந்தது. வெள்ளைக் கழுத்து வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. எங்கே கண்டாலும் கும்பிடுவது என் பழக்கம். "பாப்பா, கருடன் பாரு, கும்பிட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பினேன்.

அவளும் கும்பிட்டிருக்கிறாள். மீனைக் கீழே வைக்காமல், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி!

சடாரென்று இறக்கைச் சத்தம். கூடவே மகளின் அலறல். கண்ணைத் திறந்தால் மீனைக் காணோம். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவர்தான் மெல்ல அவள் கையை விலக்கினார். மூக்குக்கண்ணாடியில், வலது கண்ணுக்கு நேராக, நீளமாக ஒரு நகக்கீறல். கண்ணுக்கு ஒன்றுமில்லை. மாட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தவளை மிரட்டி மாட்டிவிட்ட கண்ணாடி அது. போன உயிர் திரும்பி வந்தது.

"மீனத் தூக்கிக் காட்டிக் கூப்ட்டா, அது வராம இன்னா பண்ணும்?" என்று கணவர் சிரித்தார். சிரித்தபடியே அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

கருடனைக் கண்டால் இன்றும் கும்பிடுகிறேன். கண்ணை மட்டும் மூடுவதில்லை.