இன்ஜினின் தலைப்பக்கம்

என் வீட்டுக்காரர் பழைய இன்ஜின் ஒன்றை விலை பேசப் போனால் முதலில் புறங்கையை அதன்மேல் வைப்பார், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. விற்கிறவர் நாம் வருவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் எப்பேர்ப்பட்ட ஓட்டை இன்ஜினும் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். வாங்குகிறவர் வாயைப் பிளந்துகொண்டு பணத்தை எடுத்து நீட்டுவார். இவர் கையில் சூடு பட்டால் சண்டை போட மாட்டார். ஆறட்டும், டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார். நானாக இருந்தால் அங்கேயே நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன்.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈசிஆர் ரோட்டிலிருந்து இறங்கிச் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் வரும். துறைமுகம் கிடையாது. திறந்த கடல்தான். பைபர் படகு அலையோடு ஓடிவந்து மணலில் ஏற வேண்டும், மிச்சத் தூரத்துக்கு டிராக்டர் இழுத்துப்போகும். படகின் பின்பக்கம் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு இன்ஜினைக் கழற்றி, மூங்கில் கழியில் நீளவாக்கில் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக வீட்டுக்குத் தூக்கிவருவார்கள். வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் நிறுத்தி ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்கு நான் மல்லுக்கு நின்று கொண்டுவந்த குடங்களையெல்லாம் அந்தச் சனியன் ஒரு மூச்சில் குடித்துத் தீர்க்கும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றைக்கும் உண்டு.

கழியில் தொங்கும் இன்ஜினுக்குத் தலைப்பக்கம் கனம், புரொப்பல்லர் இருக்கிற வால்பக்கம் லேசு. தலைப்பக்கத்தைப் படகுக்குச் சொந்தமான வீட்டு ஆள்தான் தூக்குவது எங்கள் கரையின் வழக்கம். அப்பன், மகன், கூடப் பிறந்தவன், யாராக இருந்தாலும் சரி, அந்த வீட்டில் சாப்பிடுகிற ஆளாக இருக்க வேண்டும். வேறு வீட்டு ஆள் தலைப்பக்கம் பிடித்து வந்தால் படகு கைமாறிவிட்டது என்றுதான் கரை பேசும். மீன் ஏலம் கூறுகிறவர்கூட, தலைப்பக்கம் தூக்கி வருகிறவரைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்.

இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தலைப்பக்கத்தை இவர்தான் தூக்கினார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில், ஈர மணலில் கால் வழுக்கி இன்ஜினோடு உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, நடக்கலாம், நிற்கலாம், சுக்கான் பிடிக்கலாம், ஆனால் இனி வாழ்நாளில் கனம் மட்டும் தூக்கக் கூடாது என்றார். வெயிலில் கிடந்து வெடிப்பு விட்ட எங்கள் படகை அதன்பிறகு விற்றுவிட்டோம். எங்களுக்கு ஒரே பெண். செங்கல்பட்டில் காலேஜ் படிக்கிறாள். பையன் கிடையாது.

இவர் ஒரு வருஷம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அடுத்தவர் வலையைத் தைத்தார். நான் காலையில் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக் கடைக்குக் கிளம்பும்போது கடலைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொள்வார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். அழுதால்கூடப் பரவாயில்லை, திட்டித் தேற்றியிருப்பேன். நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை இருக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். இவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் என் தம்பி முட்டுக்காட்டில் ஒரு பழைய இன்போர்டு படகு விலைக்கு வந்திருப்பதாகச் சொன்னான். அவன் என் வீட்டுக்காரரோடு பல வருஷம் கடலுக்குப் போனவன், தனிக் குடித்தனம். இன்போர்டு என்றால் டீசல் இன்ஜின் படகின் வயிற்றுக்குள்ளேயே பொருத்தியிருக்கும். கழற்றவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். கரையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வரலாம். கேட்டதும் எனக்குக் காளி கோயிலில் கற்பூரம் ஏற்றலாம் போல இருந்தது. மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

அந்தப் படகைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. உப்பங்கழி ஓரம் ஒரு முளையில் கட்டி மிதந்துகொண்டிருந்தது. இவர் புறங்கையை வைத்தார். இன்ஜின் சில்லென்று இருந்தது. ஆயில் குச்சியை உருவி விரலில் தடவிப் பார்த்தார், தண்ணீர் கலந்து வெளுத்திருக்கிறதா என்று. பலகையைத் தூக்கி அடியில் மூக்கை நுழைத்து மோந்தார். இன்ஜினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகும் தண்டைப் பிடித்து ஆட்டினார், அசையவில்லை. பிறகு ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் குப்பத்தில் பொம்பளைகள் மீன்பிடிப் படகில் ஏறுவதில்லை. அது எங்கள் கரை இல்லையே, நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இவர் சுக்கான் பிடித்து நின்றார். டீசல் இன்ஜின் காலடியில் ஒரே சீராக ஓடியது, காதைப் பிளக்காமல், நாம் பேசுவது நமக்குக் கேட்கிற மாதிரி. பாலத்துக்கு அடியில் போய்த் திரும்பினோம். ஒரு வருஷமாகக் கூன் போட்டு உட்கார்ந்திருந்த மனிதர் நிமிர்ந்து நின்றிருந்தார். கல்யாணமான புதிதில் இவர் படகு தூரத்தில் வரும்போதே நின்றிருக்கிற தோரணையை வைத்து எது எங்கள் படகு என்று சொல்லிவிடுவேன். அதே தோரணை. இந்தப் படகை வாங்காமல் இன்றைக்கு வீடு திரும்புவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டினேன்.

இறங்கியதும் இவர் விற்கிறவரிடம், இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் இன்ஜினைத் தான் பார்த்ததில்லை என்று வாயாரச் சொன்னார். விலையைக் குறைக்க வந்தவன் அப்படிப் பாராட்டுவானா? என் தம்பி கண்ணைக் காட்டியும் இவர் நிறுத்தவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வாங்கப் போகாத பொருளைத்தான் மனிதர் அப்படித் தாராளமாகப் புகழ்வார்.

ரோட்டோரம் டீக்கடையில் காரணத்தைச் சொன்னார். இன்போர்டின் புரொப்பல்லரும் சுக்கானும் படகின் அடிவயிற்றில் நிரந்தரமாக நிற்பவை. எங்கள் கரையில் அலையோடு மணலில் ஏறினால் முதல் நாளே வளைந்து போகும். அவுட்போர்டு என்றால் மண் தட்டுவதற்கு முன்னால் இன்ஜினை மேலே மடக்கிவிடலாம். இதை மடக்க முடியாது. மிதக்கிற இடத்தில்தான் வைக்க வேண்டும். முட்டுக்காட்டிலேயே கட்டிவைக்கலாமே என்றேன். முகத்துவாரம் மண்ணடைத்துக் கிடக்கும் மாதங்களில் படகு குளத்து ஆமை மாதிரி உள்ளேயே கிடக்கும் என்றார். அதோடு, ஊரார் கடலில் தொழில் செய்ய அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

"நல்ல போட்டு. நம்ம கரைக்குப் பொறந்த போட்டு இல்ல, அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவு ஆசையோடு ஓட்டிவிட்டு, அரை மணி நேரத்தில் தன் ஆசையைத் தானே வெட்டிப் போட அந்த மனிதரால் முடிந்தது. எனக்கு ஆத்திரமும் வந்தது, கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது. என்னால் முடியாது. பிடித்துப்போன புடவையில் கிழிசல் இருந்தாலும் மடிப்புக்குள் மறைத்துக் கட்டிக்கொள்கிற ஜாதி நான்.

தெற்கே பக்கத்துக் குப்பத்தில் ஒரு அவுட்போர்டு படகு இருப்பதாகத் தம்பி மெல்ல ஆரம்பித்தான். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், கரையில் தலைப்பக்கத்தைத் தானே தூக்குவதாகவும் சொன்னான். இவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கயிறு யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், அது கடலுக்குள். கரையில் அடுத்த வீட்டு ஆள் தலைப்பக்கம் தூக்க, பின்னாலேயே தான் கைவீசி நடந்துவருவது என்பது நடக்காது என்றார். நாவலூர் வேலைக்குப் போட்டோ எடுக்க வேண்டும், வருகிற வழியில் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். தம்பி டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டான். நல்ல பிள்ளை, மாமாவின் மானம் அவனுக்குத் தெரியும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோவளம் தாண்டுகிற வரைக்கும் எனக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு மனிதருக்குக் கடல் தெரியும், காற்றுத் தெரியும், இன்ஜினின் மூச்சு தெரியும். இத்தனையும் இருந்தும், கடலிலிருந்து வாசல்வரை இருக்கிற அந்தத் துண்டு மணலைத் தாண்ட ஆள் இல்லாமல் கேட்டில் நின்று கார்களுக்குச் சலாம் போடப் போகிறார். வீட்டு ஆள் தூக்க வேண்டும், வீட்டு ஆள் தூக்க வேண்டும் என்றால், நான் யார் வீட்டு ஆள்? தினமும் ஐஸ் போட்ட மீன் கூடையைத் தலையில் ஏற்றி மேட்டு ரோடு ஏறுகிறேனே, அதன் கனம் என்ன குறைவா? படகில்தான் ஏறக் கூடாது என்கிறார்கள். இன்ஜின்தான் படகை விட்டு இறங்கி வருகிறதே.

"நான் தூக்குறேன்யா" என்றேன்.

இவர் திரும்பவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கோபமா, கேலியா, ஒன்றும் பிடிபடவில்லை. நானும் இரண்டாவது முறை சொல்லவில்லை. மாமல்லபுரம் வளைவு வந்து, இறங்குகிறவர்கள் எழுந்து நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"எந்தத் தோளு பயக்கம் ஒனக்கு? சோத்துக்கையா, பீச்சாங்கையா?"

எங்கள் கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னபோதுகூட இவர் அவ்வளவு நல்ல வார்த்தை பேசியதில்லை. போட்டோக் கடையில் நாங்கள் இறங்கவில்லை.

அவுட்போர்டு படகைப் பார்க்கப் போனது மறுநாள். இன்ஜின் சூடாக இருந்தது. டீ குடித்துவிட்டு வந்தோம். ஆறியபிறகு தம்பி கயிற்றை இழுக்க, நாலாவது இழுப்பில் இருமிக்கொண்டு கிளம்பியது. இன்ஜினைக் குளிரவைத்துவிட்டுப் பக்கவாட்டு ஓட்டை வழியாகப் பீய்ச்சுகிற தண்ணீரில் இவர் கையைக் காட்டி, வேகமும் சூடும் பார்த்தார். கீழே கியர் ஆயிலைச் சொட்டுவிட்டு விரலிடுக்கில் தேய்த்து, தண்ணீர் புகாமல் தடுக்கிற சீல் ஒன்றை மாற்ற வேண்டும், மற்றபடி பத்து வருஷம் உழைக்கும் என்றார். முட்டுக்காட்டு இன்ஜினுக்குப் பக்கத்தில் இதை நிறுத்தவே கூடாது. கத்தல், புகை, பெட்ரோல் நாற்றம். ஆனால் இவர் அதன் தலையைத் தட்டிக்கொடுத்த விதத்தில் வாங்கிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். நான் என் பங்குக்கு அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். விற்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

சீல் மாற்றி, படகுக்குப் பெயிண்ட் அடித்து, இவர் மறுபடி கடலுக்குப் போன முதல் காலை நான் கடைக்குப் போகவில்லை. வெயில் ஏறுகிற நேரத்துக்குப் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எங்கள் படகு அலைகளுக்கு அப்பால் சற்று நின்றது. இவர் பின்னால் திரும்பி அலையை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. ஒன்றை விட்டார், அடுத்ததையும் விட்டார். மூன்றாவது அலை முதுகைத் தூக்கியதும் இன்ஜினை முறுக்கி அதன் மேலேயே ஏறிவந்தார். மண் தட்டப் போகிற நொடியில் ஒரு கையால் இன்ஜினை அணைத்து மேலே மடக்கினார். படகு சறுக்கிக்கொண்டு வந்து நின்றது. எத்தனை பேர் செய்தாலும் இவர் செய்வதில் ஒரு அழகு இருக்கிறது. நான் பெண்டாட்டி என்பதால் சொல்லவில்லை, கரையில் கேட்டுப் பாருங்கள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். தம்பியும் இன்னொரு ஆளும் இன்ஜினைக் கழற்றிக் கழியில் தொங்கவிட்டார்கள். தலைப்பக்கம் போய் நின்று வலது தோளைக் கொடுத்தேன். கனம் இறங்கியபோது முட்டி ஒருதரம் மடங்கி நிமிர்ந்தது. வால்பக்கத்தில் தம்பி. வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டிராக்டர்காரர்கூட இன்ஜினை அணைத்துவிட்டார். எனக்கு முகம் தீயாக எரிந்தது. மணலைத் தவிர எதையும் பார்க்காமல் நடந்தேன்.

இவர் எனக்குப் பின்னால் பெட்ரோல் கேனைக்கூடத் தூக்காமல், வெறுங்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். நடக்காது என்று டீக்கடையில் சொன்ன மனிதர்தான். ஏலக்காரர் வழியில் நின்று, என்னைப் பார்ப்பதா இவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்தார்.

"அங்க இன்னா பாக்குற? மொதலாளி முன்னால வந்துகினு கீறா. வழிய வுடு" என்றார் இவர்.

ஏலக்காரர் விலகி நின்று, என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.