வாழையிலைக்குள் லன்ச் ஷீட்

வாழையிலையில் சோறு கட்டுங்கள் என்று சொன்னால் வாழையிலையில் சோறு கட்ட வேண்டும். இதில் விளங்காமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சண்டை ஓய்ந்து, திருகோணமலைப் பாதையில் பஸ்கள் பயமில்லாமல் ஓடிய காலம் அது. பவளப்பாறைகளைக் காப்பாற்ற நிதி திரட்டவென்று அந்தப் பக்கத்துக் கடற்கரையொன்றில் இசை நிகழ்ச்சி வைத்தார்கள். மாத்தளையிலிருந்து எங்கள் சர்ச் பாடகர் குழுவையும் அழைத்திருந்தார்கள். கடலே இல்லாத ஊர்க்காரர்களுக்குப் பவளப்பாறையில் என்ன அக்கறை என்று சிலர் கிண்டல் செய்தார்கள். மேடை கிடைத்தால் எங்கள் குழு நிலாவுக்கும் போகும், அது வேறு விஷயம். அங்கே விற்கும் சோற்றுப் பார்சலும் எங்கள் பொறுப்பு. குழுவில் நான் ஒருத்திதான் டீச்சர் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

கடற்கரையைத் தந்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். இடம் பார்க்கப் போனபோது அவர்களுடைய சங்கத் தலைவி என்னைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். பவளப்பாறையை அவர்கள் முருகைக்கல் என்பார்கள்.

“முன்னம் ஒருக்கா பாட்டுக் கச்சேரிக்குக் கரையை விட்டனாங்கள். சாப்பிட்ட தாள் எல்லாம் போய் முருகைக்கல்லில சுத்திக்கொண்டு கிடக்கு. வலை போட்டா மீன் இல்லை, தாள்தான் வருது. இந்த முறையும் அப்பிடி நடந்தா இனி ஒருத்தருக்கும் கரை தரமாட்டம்.”

“எங்க ஊர்ல இருந்து ஒரு தாள்கூட உங்க கடலுக்கு வராதுங்க” என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தை அது.

பக்கத்திலுள்ள பல்லேபொலையில் வீட்டுத் தோட்டங்களில் ஏறி இறங்கி இலை சேர்த்தேன். புறப்படும் நாள் காலையில் சர்ச் மண்டபத்தில் இலைகளை நெருப்பில் வாட்டி, சமையலுக்குப் பொறுப்பான அக்காவிடம் கொடுத்தேன். கட்ட வாழைநாரும் கொடுத்துவிட்டு, குளித்துச் சேலை மாற்ற வீட்டுக்குப் போனேன். அதற்குள் என்ன நடந்துவிடப் போகிறது?

திரும்பி வந்தபோது பார்சல்கள் அழகாக அடுக்கியிருந்தன. ஆசையாக ஒன்றைத் தூக்கினேன். உள்ளே சரசரவென்று சத்தம். பிரித்தால், இலைக்குள் லன்ச் ஷீட்! சோறு கட்டுவதற்கென்றே கடையில் கட்டுக்கட்டாக விற்கிற மெல்லிய பொலித்தீன் தாள். எங்கள் ஊரில் பீங்கான் தட்டில் சாப்பிட்டாலும் மேலே அதை விரித்துத்தான் சாப்பிடுவார்கள்.

“அக்கா, இது என்ன?”

“ஷீட்டுங்க டீச்சர். குழம்பு ஒழுகுமில்லங்க.”

“இலையில கட்டுங்கன்னு சொன்னேனே!”

“இலையிலதானேங்க கட்டியிருக்கோம். வெளிய பாருங்க, அத்தனையும் இலை.”

அக்கா குரலைத் தாழ்த்தினார். “வெறும் இலையில குடுத்தா, தோட்டத்து ஆளுங்க மலைக்குக் கட்டிட்டுப் போற மாதிரி குடுத்தாங்கன்னு பேச மாட்டாங்களா? ஷீட்டு போட்டாத்தாங்க ஒரு மரியாதை.”

நானும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான். அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஆனால் தைத்த இடத்தைத் தடவிக்கொண்டிருக்க நேரமில்லை, வெளியே டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னேன். கஞ்சி போட்ட சேலையில் கத்தரிக்காய் எண்ணெய் வடிய, பாடகிகள் என்னைத் திட்டிக்கொண்டே பிரித்துக் கட்டினார்கள். உருவிய ஷீட்டுகள் ஒரு சாக்கு நிறைய வந்தன.

“நாளைக்குக் குப்பை ட்ராக்டர் வரும். மறக்காம இதை அதுல ஏத்திருங்க” என்று, மண்டபம் கழுவ நின்ற அதே அக்காவிடம் சொன்னேன். “சரிங்க டீச்சர்” என்றார்.

கடற்கரையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பாட்டைவிட, வாட்டிய இலையின் வாசத்தோடு இருந்த சோற்றைத்தான் அதிகம் புகழ்ந்தார்கள். சாப்பிட்ட இலைகளை ஊர் ஆடுகள் முடித்தன. புறப்படும்போது தலைவி மணலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தார்.

“சொன்ன சொல்லைக் காப்பாத்திப் போட்டீங்கள், டீச்சர். அடுத்த முறையும் உங்கட ஊர்ச் சாப்பாடுதான்.”

வழியெல்லாம் சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனேன். தரை பளபளவென்று இருந்தது. ட்ராக்டர் இன்னும் வரவில்லை. சாக்கையும் காணோம்.

“அது நேத்தே முடிஞ்சிருச்சுங்க” என்றார் அக்கா பெருமையாக. “நாய் வந்து இழுத்துச்சு. பின்னால ஆத்துல கொட்டிட்டேன். நல்ல தண்ணி, ஒரே இழுப்பா இழுத்துட்டுப் போயிருச்சு.”

மண்டபத்துக்குப் பின்னால் ஓடுவது சுதுகங்கை. அது அம்பன் கங்கையில் சேரும், அம்பன் கங்கை மகாவலியில் சேரும், மகாவலி திருகோணமலைக் கடலில் விழும். வருஷா வருஷம் கரும்பலகையில் நான் வரைகிற படம்.

“அந்த ஆறு எங்க போகுதுன்னு தெரியுமா அக்கா?”

“எங்க போனா என்னங்க? நம்ம ஊரைத் தாண்டிப் போயிருச்சுல்ல.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். மூங்கில் வேர்களில் சில ஷீட்டுகள் சிக்கியிருந்தன.

“ஷீட்டுக்குப் போயி யாராச்சும் ஆத்துல இறங்குவாங்களா? சளி புடிக்கும், மேல வாங்க டீச்சர்!” என்று அக்கா கரையிலிருந்து கத்தினார்.

என் கையில் அகப்பட்டது ஒரு பிடி. மற்றதெல்லாம் அந்தத் தலைவியின் கடலுக்குப் புறப்பட்டுவிட்டது.