பெட்டி நிழலில் ஒரு பைபாஸ்

தெருமுனைப் பால் கடைக்குக்கூட அப்பா பைக்கில்தான் போவார் என்று நீங்கள் இருவரும் கேலி செய்வீர்கள். உண்மைதான். டிரைலர் ஓட்டுகிறவனுக்கு உட்காருவதுதான் வேலை. திருவொற்றியூர் யார்டில் கண்டெய்னரை ஏற்றினால் துறைமுக கேட் வரைக்கும் வரிசை. அந்த சீட்டிலேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். நாங்கள் கண்டெய்னர் என்று நீட்டிச் சொல்வதில்லை, பெட்டி என்போம்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்த சீட்டிலிருந்து காவி உடுத்திய கூட்டங்களைப் பார்ப்பேன். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். நம் கல்மண்டபத்திலிருந்தும் ஒரு கூட்டம் கிளம்பும். மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கழுவி, பூ வைத்து, மாதா சிலையை ஏற்றித் தள்ளிக்கொண்டே போவார்கள். எல்லோரும் வெறுங்கால். எனக்கும் போக வேண்டும் என்று பல வருஷமாக ஆசை. போன வருஷம் வாய்விட்டுச் சொன்னேன். உங்கள் அம்மா துணி மடித்துக்கொண்டே சிரித்தாள்.

"நீயா? மகாபலிபுரம் தாண்ட மாட்ட. அங்கேருந்து போன் பண்ணு, ஆட்டோ அனுப்பறேன்."

அந்த ஆகஸ்டிலேயே கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். எங்கள் கூட்டத்துக்குத் தலைவி, காசிமேட்டில் ஏலத்துக்கு மீன் எடுத்து விற்கிற ஓர் அக்கா. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேளாங்கண்ணி ஆர்ச் வந்ததும் மீன்பாடி வண்டிக்கு முன்னால் வடம் கட்டுவார்கள். வழி முழுக்கக் காலால் நடந்தவர்கள் மட்டும்தான் அந்த வடத்தைப் பிடிக்கலாம். முடியாமல் இடையில் ஏதாவது வண்டியில் ஏறியவர்களை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் அவர்கள் பின்னால் வர வேண்டும். அந்த வடத்தைத் தொட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறு வேண்டுதல் எதுவும் எனக்கு இல்லை.

கிளம்பும்போது அக்கா ஒரு மஞ்சள் பையை நீட்டி எல்லோருடைய போனையும் வாங்கிக்கொண்டார்.

"ராவுலதான் தருவேன். பேசிட்டு திருப்பிக் குடுத்துடணும். வூட்ட மறக்காம நடந்தா கால் நடக்காது."

முதல் இரண்டு நாள் தொடையில் கை வைத்தால் கூட வலித்தது. பிறகு ஒரு காலை எழுந்தபோது வலி இருந்தது, ஆனால் அதைப் பற்றிய கவலை இல்லை. போன் அடிக்கவில்லை. சூப்பர்வைசர் எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. மரக்காணம் உப்பளத்தை நான் எத்தனையோ முறை வண்டியில் கடந்திருக்கிறேன். கண்ணாடி வழியாக அது ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். நடந்து போனபோதுதான் உப்புக்கு ஒரு வாசனை இருப்பது தெரிந்தது. பாத்தியில் உப்பு வாருகிற பெண்கள் எங்களைப் பார்த்துக் கை கூப்பினார்கள். நாங்களும் கூப்பினோம். இப்படி ஒரு வேலையும் இல்லாமல் ஒரு சாலையில் இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

கடலூர் தாண்டியாயிற்று. சிதம்பரத்துக்கு முன்னால் ஒரு தோப்பில் மதியச் சாப்பாடு. எல்லோரும் படுத்தார்கள். எனக்கு உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும். மெதுவாக முன்னால் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"போ. ஊருக்குள்ள சர்ச்சாண்ட நில்லு, வந்துடறோம்."

சாலை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. நேராகப் போனால் ஊர். நான் யோசிக்கவே இல்லை, பைபாஸில் ஏறிவிட்டேன். டிரைலருக்கு ஊருக்குள் பகலில் நோ என்ட்ரி. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த உடம்பு, போர்டைப் பார்த்ததும் தானாகத் திரும்பிவிட்டது. நடக்கிறவனுக்கு எந்த ஊரிலும் நோ என்ட்ரி கிடையாது என்பது வெகுதூரம் போன பிறகுதான் உறைத்தது.

பைபாஸ் நடப்பதற்குப் போட்ட சாலை இல்லை. மரம் இல்லை, கடை இல்லை. மேற்கு வெயில் கன்னத்தில் அறைந்தது. தார் இளகிக் கிடந்தது. பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தது. திரும்பிப் போனாலும் அதே தூரம்தான். ஓரத்துப் புல்லில் நடக்கலாம் என்றால் நெருஞ்சி முள்.

அப்போது பின்னால் ஏர் பிரேக் சத்தம். நாற்பதடிப் பெட்டியோடு ஒரு டிரைலர் என் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமு, கூட்டத்த வுட்டுட்டு ஒண்டியா போய்க்கினுகீற?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் பாதி தாகம் போனது. வியாசர்பாடிக்காரராம். காரைக்காலுக்கு லோடு. நானும் டிரைலர்தான் என்று சொன்னதும் இறங்கி வந்து தண்ணீர் கேனைத் தூக்கிக் கொடுத்தார். என் காலிலும் கொஞ்சம் ஊற்றினார்.

"ஏறு. பைபாஸ் முடியிற எடத்துல எறக்கி வுடறேன்."

"ஏறக்கூடாதுபா."

"இங்க யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா வடம் புடிக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். உண்மையைச் சொன்னால், அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் இன்னொரு முறை கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பேன். அவர் கூப்பிடவில்லை. வானத்தைப் பார்த்தார், பிறகு தன் பெட்டியைப் பார்த்தார்.

"எனக்கு லோடு எறக்குறது நாளைக்குக் காலைலதான். நீ அப்படியே ஓரமா வா."

நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, முதல் கியரில் என் வலது பக்கமாக உருட்டத் தொடங்கினார். சூரியன் பெட்டிக்கு அந்தப் பக்கம். நிழல் முழுக்க என் மேல். நாற்பதடி நிழல். தார்கூட அங்கே கொஞ்சம் சூடு தணிந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே வந்தார். எந்த யார்டில் ஆயுத பூஜைக்கு ஒழுங்காக பிரியாணி போடுகிறார்கள், எந்த சூப்பர்வைசர் பேஜாரு என்று. சீட்டில் இருப்பவரோடு கீழே நடந்தபடி பேசுவது எனக்குப் புதுசு. ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சாலையில், என் உலகமே உருண்டு வந்து எனக்குக் குடை பிடித்தது போல இருந்தது.

பைபாஸ் முடிகிற இடத்தில் எங்கள் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. சர்ச்சில் என்னைக் காணாமல் தேடி, பதறிப்போய் வந்திருக்கிறார்கள். நான் டிரைலரோடு வந்ததைப் பார்த்ததும் ஒருவன் ஆரம்பித்தான்.

"மாமு செம ஆளு. நம்மள நடக்க வுட்டுட்டு லாரில வந்து எறங்கிட்டாரு."

அக்கா இடுப்பில் கை வைத்து என் முன்னால் வந்தார்.

"ஏறினியா?"

"ஏறலக்கா."

டிரைவர் மேலேயிருந்து, "கெஞ்சிப் பாத்தேன்க்கா, ஏற மாட்டேன்னுட்டாரு" என்றார்.

"உன்ன யாருபா கேட்டா? டிரைவருக்கு டிரைவரு சாட்சியா?" என்றார் அக்கா. "கால காட்டு."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினேன். பாதம் முழுக்கத் தார் அப்பி, அதில் ஜல்லித் தூள் பதிந்திருந்தது. உற்றுப் பார்த்துவிட்டு மற்ற காலையும் பார்த்தார். பிறகு கூட்டத்துப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"தேங்காண்ணெ எடுத்துகினு வாங்கடி. இது தேய்ச்சாதான் போவும்."

டிரைவருக்கும் ஒரு டம்ளர் டீ போனது.

வேளாங்கண்ணியில் நீங்கள் அம்மாவோடு பஸ்ஸில் வந்து ஆர்ச் அடியில் காத்திருந்தீர்கள். வடம் கட்டியதும் அக்கா கூட்டத்தைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, முன்வரிசையில் நிறுத்தி, வடத்தை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார். நீங்கள் இருவரும் ஓடி வந்து நாங்களும் பிடிக்கிறோம் என்றீர்கள்.

"பஸ்ல வந்தவங்க பின்னாடி" என்றார் அக்கா. "உங்கம்மாவும்தான்."

வடத்தை இழுக்கும்போது, உங்களில் யார் இடித்தது யார் மிதித்தது என்று நீங்கள் சண்டை போடுவதும், அம்மா உங்களை அதட்டுவதும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கை நிறைய வடம் இருந்தது.