நாலு கம்பியும் சாரல் மாசமும்

பேஸ் கிடார் வாசிக்கிறேன் என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேர் முதலில் கேட்பது, மீதி ரெண்டு கம்பி எங்கே என்றுதான். பத்தாவது ஆள் கேட்க மாட்டார். அறுந்துபோச்சு போல, பாவம் என்று நினைத்துக்கொள்வார்.

பழைய பேஸ் வாங்கி அவதிப்பட்டவர்களே, இது உங்களுக்குத்தான். பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை, பிடிக்கவில்லை. தோழியின் பேஸை இரவல் வாங்கி ஒரு வருஷம் பழகியிருந்தேன். அவள் கல்யாணமாகிப் போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டாள். அந்த நேரம் பார்த்துத் தென்காசியில் ஒரு கச்சேரிக் குழுவுக்கு ஆள் தேவைப்பட்டது. அதை நடத்தும் அண்ணாச்சி, "ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழம ரிகர்சலுக்கு வா. சரியா வாசிச்சா வாசுதேவநல்லூர் கோயில் கொடைக்கு நீதான். இல்லன்னா கீபோர்டுலயே பேஸ் போட்டுக்கிடுவோம்" என்றார்.

செங்கோட்டை பிளாட்பாரம்

பழைய பேஸ் ஒன்றை விற்க வந்தவர் மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளி. கொல்லம் ரயிலில் வந்து பிளாட்பாரத்திலேயே உறையைத் திறந்து காட்டினார். கம்பியெல்லாம் துரு. கழுத்து வில் மாதிரி வளைந்து, நடுவில் கம்பிக்கும் கட்டைக்கும் இடையே என் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது. இப்படி ஒன்றை எவளாவது வாங்குவாளா? நான் வாங்கினேன், வேறு கிடைக்கவில்லை. ஏன் இப்படி வளைந்திருக்கிறது என்று நேராகவே கேட்டேன்.

"மழயத்து இருந்நதல்லே மோளே, வெயில் கொண்டா நேரே ஆயிக்கோளும்."

கம்பி வாங்கப் போனது

தென்காசிக் கடையில் ஆர்மோனியம் இருந்தது, பள்ளிக்கூட பேண்டு டிரம் இருந்தது, பேஸ் கம்பி இல்லை. கடைக்காரர் சாதாரண கிடார் கம்பியை எடுத்து நீட்டினார். இது நூல், எனக்குக் கயிறு மாதிரி தடியாக வேணும், நீளமும் பத்தாது என்றேன். வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசில்லை.

கடைசியில் ஆன்லைனில்தான் வாங்கினேன். அதில் ரெண்டு வகை. வழவழவென்று தட்டையாகச் சுற்றியது ஒன்று; பழைய பாட்டுக்கு நல்லது என்று போட்டிருந்தது. வயசானவர்கள் சமாச்சாரம் என்று தள்ளிவிட்டேன். பேஸ் சொல்லித்தரும் வீடியோக்காரர்கள் எல்லாரும் புகழ்ந்த, பளீரென்று கேட்கும் ஸ்டீல் கம்பியை வாங்கினேன். கடைக்காரர் அன்றைக்குச் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

"நாலு கம்பி தானம்மா? ஆறுல ரெண்டக் கழட்டிட்டுத் தாரேன்."

பைக் ஒர்க் ஷாப்

கழுத்துக்குள் ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது. அதை முறுக்கினால் வளைவு நிமிரும். முறுக்க ஆலன் கீ வேண்டும், அது பைக் ஒர்க் ஷாப்பில்தான் இருந்தது. கால் சுற்று முறுக்கு, ஒரு நாள் பொறு என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். எனக்கு எங்கே பொறுமை? முழுச் சுற்று முறுக்கினேன். மறுநாள் கழுத்து எதிர்ப்பக்கம் வளைந்து, எந்தக் கம்பியைத் தட்டினாலும் கர்ரென்றது. பிறகு தினமும் அங்கே போய் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கம்பி உயரத்தையும் இறக்கி, நேராக்க நாலு நாள் ஆனது. சரியாயிருச்சா பாருங்கண்ணே என்று மெக்கானிக் அண்ணனிடம் நீட்டினேன்.

"ஏட்டி, வண்டின்னா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துச் சொல்லிருவேன். இத எங்கன ஓட்டிப் பாக்க?"

அப்பா கை வைத்தது

என் அப்பா குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். ரிகர்சல் சனிக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வந்தால், பேஸ் பாயில் மல்லாந்து கிடக்கிறது. அப்பா உள்ளங்கையில் நல்லெண்ணெய் ஊற்றி, மேலிருந்து கீழே நாலு கம்பியையும் நீவிக்கொண்டிருக்கிறார். துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சுற்றுக்குள் இறங்கிய எண்ணெய் வரவே இல்லை. பளீர் சத்தம் போய் தொப், தொப் என்றது. மாற்றுக் கம்பி கிடையாது. பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. நான் கத்திய கத்தலுக்கு அப்பா அசையவே இல்லை.

"சாரல் அடிக்குல்லா, துருப் புடிச்சிரக் கூடாதேன்னு தேச்சேன். எத்தன பேரு முதுகு இந்தக் கையில சரியாயிருக்கு, இதுக்கு மட்டும் ஆவாதா?"

ரிகர்சல்

கொடை என்றால் பாதிக்கு மேல் பழைய பாட்டுதான். ரெண்டு பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி கை காட்டி நிறுத்தினார். கீபோர்டுக்குத்தான் திரும்பப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் நானே சொல்லிவிட்டேன்: அண்ணாச்சி, எங்கப்பா எண்ணெய் தேச்சுட்டாரு, கம்பி செத்துப்போச்சு, சத்தம் இப்படி வாறது என் தப்பில்ல. அவர் குனிந்து கம்பியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். போன வாரம் வந்தவன் வாசித்தது தகர டப்பாவை ரோட்டில் இழுத்த மாதிரி இருந்ததாம். இதுதான் பாட்டுக்கு அடியில் அமைதியாகப் படுத்திருக்கிறதாம்.

"கொடைக்கு வந்துரு, ஏட்டி. கம்பிய மட்டும் மாத்திராத. மாத்துனா உங்கப்பாவையும் கூட்டிட்டு வா."

ஆக, வீடியோவாகப் பார்த்து நான் தேர்ந்தெடுத்தது கம்பியை, குழு தேர்ந்தெடுத்தது அதிலிருந்த எண்ணெயை.