படுதாக் கயிற்றின் மறுமுனை

மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் டாக்கீஸில் விளக்கு வந்தால் பெண்கள் மறைந்துவிடுவார்கள். ரங்கூனில் இருக்கும் சிநேகிதர்களே, உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆண்கள் இடத்துக்கும் பெண்கள் இடத்துக்கும் நடுவே ஒரு படுதா. படம் ஓடும்போது திறந்திருக்கும். இருட்டில் யார் யாரைப் பார்க்கப்போகிறார்கள்? இடைவேளைக்கு விளக்குப் போடும் முன் மூடிவிட வேண்டும். அதுதான் என் உத்தியோகம். அங்கே பர்மியப் பெண்கள் நம் பக்கத்து நாற்காலியில் சுருட்டுப் பிடித்தபடி படம் பார்ப்பார்கள் என்றால் இங்கே என்னைப் பொய்யன் என்கிறார்கள்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த வருஷம் நானும் அப்பாவும் அரக்கான் மலை வழியாக நடந்து வந்தோம். அப்பா வழியிலேயே போய்விட்டார். பிறகு நெல்லூர், பெங்களூர், தி.நகரில் ஒரு ஓட்டல் என்று எங்கும் நிலைக்கவில்லை. அரைகுறைப் படிப்புக்கு இந்த வேலை கிடைத்தது; படுக்க ஜன்னல் இல்லாத ஓர் அறை. மூச்சு முட்டினால் அடையாறு பாலத்தைத் தாண்டி திருவான்மியூர் வரை நடப்பேன். அங்கேயும் அதே கடல்தான். யுத்தத்தில் கப்பல் கிடையாது. திரும்பிவிடுவேன்.

படுதாவை மூட நான் இந்தப் பக்கம் கயிற்றை இழுக்க, அந்தப் பக்கம் லூர்தம்மாள் தளர்த்திவிட வேண்டும். சாந்தோம் குப்பத்துப் பெண். பெண்களுக்கு டிக்கெட் கிழிப்பவள். மூடப்போகிறேன் என்று நான் ஒரு தரம் சுண்டுவேன். தயார் என்று அவள் சுண்டுவாள்.

யுத்தம் முடிந்திருந்த சமயம், ஒரு சிரிப்புப் படம் ஓடியது. பெண்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஒரு குமாஸ்தா, காலி நாற்காலியின் முன் நின்று, தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டு ஒத்திகை பார்ப்பான். கொட்டகையே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு நாள் அந்த இடத்தில் என் கை தானாக இரண்டு தரம் சுண்டியது. சற்றுப் பொறுத்து மறுமுனையும் இரண்டு தரம் சுண்டியது. பிறகு ஒவ்வோர் ஆட்டத்திலும் அப்படியே. நேரில் கண்டால் இருவரும் பேசுவதில்லை.

ரங்கூனிலேயே தங்கிவிட்ட அண்ணன், கப்பலில் இடம் பிடித்து, உடனே வரும்படி ஓர் ஆளிடம் டிக்கெட்டையும் கொடுத்துச் சொல்லி அனுப்பினார். அவள் சம்மதித்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு முதலில் கேட்க வேண்டுமே. ஆட்டம் இல்லாத வேளையில், கயிற்றைப் பார்க்கும் சாக்கில் அந்தப் பக்கம் போனேன். பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“கப்பல் ஏறப்போறியாமே?”

“கயிறு நல்லா இருக்கா?” என்றேன்.

“கயித்துக்கு இன்னா? அது நல்லாத்தான் கீது. உன் வாய்க்குத்தான் இன்னாவோ ஆயிப்போச்சு.” ஒரு நாற்காலியைக் காட்டினாள். “வோணும்னா அதாண்ட சொல்லு. நான் அப்டிக்கா திரும்பிக்கினு கீறேன்.”

உண்மையாகவே திரும்பி நின்றாள். நான் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்க நைனா பினாங்குக்குப் போனப்போ ஒரு வார்த்த சொல்லல. நீயாவது சொல்ட்டுப் போ” என்று துடைப்பத்தோடு நகர்ந்துவிட்டாள்.

கப்பல் மறுநாள் காலையில் புறப்பட்டது. போகிறேன் என்று அவளிடமும் சொல்லவில்லை, வரவில்லை என்று அண்ணனிடமும் சொல்லவில்லை. துறைமுகம் வரை போய், ஏணியை எடுக்கும்வரை நின்றுவிட்டு, நடந்தே திரும்பினேன்.

அன்றைய மாட்டினி ஆட்டத்தில் நாற்காலிக் காட்சி வந்தது. இரண்டு தரம் சுண்டினேன். பதில் இல்லை. நான் போய்விட்டதாக நினைத்திருப்பாள். மறுபடி சுண்டினேன். கயிறு மெல்ல விறைத்தது. அவள் சுண்டவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை. இடைவேளை மணி காதில் விழவில்லை.

பளிச்சென்று விளக்கு வந்துவிட்டது. ஆண்கள் திரும்பினார்கள். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். “ஏய் ரங்கூன், தூங்கிக்கினு கீறியா? இழு நைனா” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இழுத்தேன். பாதி வந்த படுதா அதற்கு மேல் வரவில்லை. மறைந்தும் மறையாமலும் அவள் நின்றிருந்தாள், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, என்னையே பார்த்தபடி. போய்விட்ட கப்பலின் டிக்கெட் என் சட்டைப்பையில் இருந்தது.