டாக்டரம்மா குடித்துப் பார்த்த தண்ணீர்

அலுமினியச் சொம்பில் ஆறவைத்த தண்ணீர், மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி சர்க்கரை. கலக்கி முதல் வாயைத் தானே குடித்துக் காட்டுவார் டாக்டரம்மா. பிள்ளைகளுக்கென்று தனி டாக்டர் என்பதே அப்போது பழவேற்காட்டுப் பக்கம் புதுசு. வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்றிருந்த எங்களிடம், போகப் போகக் கொடு என்று முதலில் சொன்னவர் அவர்தான். அவரை நம்பித்தான் பொன்னேரி ஆஸ்பத்திரி பெஞ்சு நிறைந்தது.

என் மூத்தவனுக்கு ஒன்றரை வயதில் வயிற்றால் போனது. அவர் சொன்னபடியே கலக்கிக் கொடுத்தேன். பிள்ளை தேறவில்லை, தாகத்தில் கதறினான், மறுநாள் கை கால் வெட்டி இழுத்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். பெஞ்சிலிருந்த அத்தனை பேர் முன்னாலும் டாக்டரம்மா, "உப்பை அள்ளிக் கொட்டினியா? மூணு விரல்னு சொன்னது காதுல விழலையா?" என்றார். இவளுக்கு எதிலும் நிதானம் கிடையாது என்று மாமியாரும் சேர்ந்துகொண்டார். நான் மூன்று விரலால்தான் எடுத்திருந்தேன். ஆனாலும் என் கையே பிள்ளைக்கு எமனாகப் பார்த்தது என்று நானே நம்பிவிட்டேன். கூசிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

பையன் பிழைத்தான். எங்கள் குப்பத்தில் இன்னொரு பிள்ளைக்கும் அப்படியே ஆனதும், டாக்டரம்மாவே கிளம்பி வந்தார். என்னைக் கலக்கிக் காட்டச் சொன்னார். நான் உப்பு எடுக்கும் முன்பே குடத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். முகம் மாறிவிட்டது.

"எங்க கெணத்துத் தண்ணி எப்பவும் இப்டித்தாம்மா. குடிச்சிக் குடிச்சி எங்களுக்கு ஒண்ணும் தெரியறதில்ல. இன்னா, அதுல எதுனா தப்பா?" என்றார் மாமியார். சோழவரத்து நல்ல தண்ணீரில் வளர்ந்த எனக்கும், கல்யாணமான புதிதில் உப்புக் கரித்தது பிறகு மறந்தே போயிருந்தது.

டாக்டரம்மா தெருப் பெண்களை அழைக்கச் சொன்னார். எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்மா. சொன்னா ஒருத்தியும் உங்காண்ட வரமாட்டா. பழி எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்."

"எல்லார் முன்னாடியும் உன்னைத் திட்டினேன். எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும்."

சொன்னார். இவள் கையில் தப்பில்லை, தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது, அதைப் பார்க்காமல் சொன்னது என் தப்பு, இனி இந்தத் தண்ணீரில் உப்பே போடாதீர்கள் என்றார். தலை நிமிரவேயில்லை. அவ்வளவு படித்தவர் எனக்காகத் தலைகுனிந்து நின்றது, அன்று திட்டு வாங்கியதைவிட எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது குப்பத்துக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. உப்பு சர்க்கரைப் பொட்டலமும் கடையிலேயே கிடைக்கிறது. அதை முதலில் சொன்னவர் யாரென்று என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

அன்று அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போன அடுத்த வாரம், பையனைக் காட்டப் பொன்னேரிக்குப் போனேன். எப்போதும் எங்கள் குப்பத்துப் பெண்கள் நிறைந்திருக்கும் பெஞ்சில் நான் ஒருத்திதான் இருந்தேன். டாக்டரம்மா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.