அரை மூட்டை யூரியா

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. எல்லாரும் சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வீடுகளோடு ஒட்டிக் கட்டிய அனெக்ஸிலும் மாடி அறைகளிலும் வாடகைக்கு இருந்தவர்கள். பாதிப்பேர் விசாவுக்குக் காத்திருந்தார்கள். நானும் அப்படித்தான். கணவர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் என்னைக் கூப்பிடும்வரை கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்து வேலை பார்த்தேன்.

பின்னேரங்களில் பக்கத்து ஊரான பாமன்கடைக்குச் சிங்களம் படிக்கப் போவேன். சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை, தனியாக இருந்தார். நாங்கள் எல்லாரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம். அவருடைய வீட்டுக்குப் பின்னால் கால்வாய்க் கரைவரை நாலைந்து பரப்புக் காணி கிடந்தது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வேலை தேடி வந்த ஓர் இளம் தம்பதி அதில் சின்னக் கொட்டில் போட்டு மரக்கறி செய்தார்கள். சந்தைக்குக் கொண்டுபோனால் இடையில் நிற்பவர்களுக்குத்தான் லாபம் என்று கண்ட மிஸ், ஒரு யோசனை சொன்னார். எங்கள் ஒழுங்கையில் பத்து வீடுகள் சேர்ந்து விதை, எரு, அந்தத் தம்பதியின் கூலி எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பங்கு போடுவது; விளைந்ததைச் சனிக்கிழமைதோறும் பிரித்து எடுப்பது. நன்றாக விளைந்தால் எல்லாருக்கும் நிறைய. பூச்சி அடித்தால் எல்லாருக்கும் குறைய. எங்கள் சனங்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

மாசி, பங்குனி வெயிலில் கொழும்பு அவிந்துபோகும். அந்த நாட்களில் தோட்டம் செய்த அந்த இளைஞர் பொழுது விடியுமுன்பே இரண்டு பூவாளிகளோடு கிணற்றுக்கும் பாத்திக்குமாக நடப்பார். வெண்டியும் பயிற்றங்காயும் அந்த வெயிலுக்குத்தான் கொட்டிக் காய்த்தன. பந்தலில் புடோலங்காய்கள் நுனியில் கல்லுக் கட்டித் தொங்கின. சனிக்கிழமைகளில் நாங்கள் மாமரத்துக்குக் கீழே மரக்கறிக் குவியலைச் சுற்றி உட்காருவோம். பஸ்ஸில் வாயே திறக்காமல் வருகிறவர்கள் அங்கே சத்தம்போட்டுத் தமிழில் கதைத்தோம். கீரை பிரித்து முடிந்த பிறகும் ஒருவரும் எழும்ப மாட்டோம்.

இரண்டாவது வருடம், சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன் நகரத்தில் குண்டு வெடித்தது. அதற்கு அடுத்த நாட்களில் வீடு வீடாகச் சோதனை. ஒரு காலையில் நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது தோட்டம் செய்தவருடைய மனைவி வாசலில் வந்து நின்றாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. பாமன்கடையிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"கொட்டிலுக்குள்ள அரை மூட்டை யூரியா இருந்திச்சுக்கா. குண்டு செய்யவான்னு கேட்டாங்க. பயித்தங்காய்க்குன்னு சொன்னாரு. சிரிச்சாங்க. ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. அன்றே சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் எடுத்து நடத்துவதாகச் சொன்னார். ஆனால் இது உடனே முடிகிற விஷயமில்லை என்றும் சொன்னார். மிஸ் தானே பொலிஸுக்குப் போனார். அந்த உரத்தை வாங்கிவரச் சொன்னதே நான்தான் என்று சிங்களத்தில் எடுத்துச் சொன்னாராம். அவர்கள் எழும்பிக் கதிரை கொடுத்து, மரியாதையாகக் கதைத்து, இதையெல்லாம் கோர்ட்டில் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் விறாந்தையில் நெடுநேரம் இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மூன்று வீட்டார் மட்டும் வந்தோம். மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தோட்டத்தோடு தொடர்பு என்று தங்கள் பெயரும் போனால் விசாவும் போகும், பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போவார்கள். சிலர் ஒழுங்கையில் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்தி, அந்தப் பெடியனுக்கு என்ன முடிவு என்று விசாரித்தார்கள். கேட்டுவிட்டு உடனே நடந்தார்கள்.

அவளோ அந்த வயிற்றோடு நிரைக்குள் குனிந்து வெண்டிக்காய் முறித்துக்கொண்டிருந்தாள். எடுத்துச் செல்ல ஆளில்லாமல் கூடைகள் நிரம்பிக் கிடந்தன. இவ்வளவையும் யாருக்கு ஆய்கிறீர், போய்ப் படும் என்றேன்.

"காய் முத்திப் போச்சுன்னா செடி காய்க்கிறத நிறுத்திரும்க்கா. அவரு வர்றப்ப காய்ப்பு இருக்கணும்ல."

அதன் பிறகு நானும் வேலை முடிந்து வந்து அவளோடு ஆய்ந்தேன். மிஞ்சியதை மிஸ் தன் வளவுக்கு அயலில் இருந்த சிங்கள வீடுகளுக்குக் கொடுத்தார். வாங்கினார்கள். எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

வைகாசி மழையில் கால்வாய் பெருகிப் பாதிப் பாத்திகள் அழுகின. ஆனியில் பெண் பிள்ளை பிறந்தது. அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த ஒரு நாளில் அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். நடையில் கைவிலங்கோடு போனவர் சற்று நின்றார். அவள் பிள்ளையின் முகத்திலிருந்த துணியை விலக்கினாள். பார்த்தார். காவலாளி தோளில் தட்டியதும் நடந்தார். அவர் பிள்ளையின் பெயரைக் கேட்டாரா, வெறுமனே வாய் அசைந்ததா என்று அவள் பஸ்ஸில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

மார்கழியில் வழக்கில்லை என்று விட்டார்கள். யூரியா யூரியாதான் என்று எழுத்தில் வர அவ்வளவு காலம் எடுத்தது. மிஸ் பாற்சோறு கிண்டினார். விலகியிருந்த வீட்டாரும் பழங்களோடு வந்து போனார்கள். விடுபட்டு வந்தவர் எல்லாரையும் பார்த்துத் தலையசைத்தார். உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திரும்பவும் வெயில் காலம் வந்தது. பத்தில் எட்டு வீடுகள் மறுபடி சேர்ந்தன. ஒரு சனிக்கிழமை நான் போனபோது அவர் புடோலுக்குப் பந்தல் கட்ட நின்றார். கயிற்றைப் பிடித்துக் கையை உயர்த்தினார். கை நெஞ்சளவில் நின்றுவிட்டது. மற்றக் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்து வியர்த்தது. அவள் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுப் போய், அவர் விரல்களிலிருந்து கயிற்றை எடுத்துத் தானே கட்டினாள். அவர் வரம்பில் உட்கார்ந்தார்.

"இந்தக் கை இனிமே தோட்டத்துக்கு ஒத்துவராதுங்கம்மா" என்றார் என்னிடம்.

நோகாது பார்த்துக்கொள்ளலாம், டொக்டரிடம் காட்டலாம் என்றேன். காட்டினோம். தோள் மூட்டுகள் இரண்டும் பழையபடி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்தப் போகம் முடிய அவர்கள் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிப் போனார்கள். அவளுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்திருந்தது. நாங்கள் சில பெண்களாகச் சேர்ந்து கொஞ்சக் காலம் நீர் ஊற்றிப் பார்த்தோம். வேலைக்கும் போய்க்கொண்டு அதைக் கொண்டுநடத்த எங்களால் முடியவில்லை. மிஸ்ஸும் பலவீனமாகி, வேறு ஊரில் இருந்த மகள் வீட்டோடு போய்விட்டார். காணி கைமாறியது.

எனக்கு விசா வந்ததும், போவதற்கு முன் ஹட்டனுக்கு ரயில் ஏறினேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் அவர் மகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். ஊட்டுவதற்கு அந்தக் கை போதுமாயிருந்தது. மனைவி கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாள். அவர் எங்கள் ஒழுங்கைச் சனங்களை ஒவ்வொருவராக விசாரித்தார். யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது.

"பாகக்காய தேடி எடுப்பாங்களே, அந்த அம்மா?"

லண்டனில் என்றேன்.

"பிஞ்சு வெண்டிக்கா மட்டும் கேக்குற ஐயா?"

செத்துப்போனார். முருங்கைக்கீரைக்காரி சுவிஸில். பூசணி பிடிக்காதவர்கள் யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார்கள். கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். காணியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே மாடிவீடு எழும்புவதை நானும் சொல்லவில்லை. மகள் வாயைத் திறந்து காத்திருந்தாள். அவர் அடுத்த பிடியை உருட்டினார்.